பிடித்தால் விடாத பிரேக்

சென்ற வாரம் பழுகாமத்தில் அருமைநாயகத்தார் வீட்டுப் படலையடியில் தபால்காரரை நிறுத்திவிட்டு வந்தோம். அன்று அவர் கொடுத்தவை இரண்டு கடிதங்கள்.

முதலாவது அரசாங்கக் கடிதம். புனர்வாழ்வு முகாமில் இருக்கும் மகன் நிதுர்ஷனைப் புதன்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு மட்டக்களப்பில் ஒரு மண்டபத்தில் வைத்து ஒப்படைப்பதாகவும், தந்தை அடையாள அட்டையோடு நேரில் வந்து கையெழுத்து வைத்துப் பொறுப்பெடுக்க வேண்டும் என்றும் மூன்று மொழியில் எழுதியிருந்தது. பொறுப்பெடுக்க ஆள் வராவிட்டால் பையன் அடுத்த ஒப்படைப்பு வரை திரும்பவும் முகாமில்தான். இந்தக் கடிதத்தை அருமைநாயகத்தார் ஊரில் பாதிப் பேருக்கு வாசித்துக் காட்டிவிட்டார்.

இரண்டாவது கடிதத்தை அவருடைய மகள் தக்ஷாயினி ஒருத்திதான் வாசித்தாள். வாசித்து முடித்ததும் மடித்து அரிசி வாளிக்குள் புதைத்தாள். அது நிதுர்ஷனின் கையெழுத்து. வன்னியில் இருந்த காலத்தில் தனக்குக் கலியாணம் முடிந்துவிட்டது, பெண்ணின் பெயர் சுஜீவா, ஒன்றரை வயதில் ஒரு குழந்தை, பெண்ணின் ஆட்கள் யாரும் கடைசிச் சண்டையில் மிஞ்சவில்லை, புதன்கிழமை அவளும் குழந்தையோடு மண்டபத்துக்கு வருவாள், அப்பாவிடம் அக்காதான் பக்குவமாகச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் கடிதம்.

ஒன்பது நாளாகியும் தக்ஷாயினி சொல்லவில்லை. காரணம் இருந்தது. எங்கள் பக்கத்தில் வீடு வளவு பெண் பிள்ளைக்கு. ஆண் பிள்ளை கட்டிய பெண்ணின் வீட்டுக்குப் போய்விடுவான். தக்ஷாயினியின் கணவன் ஜெயந்தன் அப்படித்தான் குருக்கள்மடத்திலிருந்து பழுகாமத்துக்கு வந்தான். தம்பி கட்டிய பெண்ணுக்கு ஊருமில்லை, வீடுமில்லை. அப்பா, அம்மா, அவள், ஜெயந்தன் என்று நான்கு பேர் இருக்கிற இரண்டு அறை வீடு சீதனமாக எழுதிய உறுதிப் பத்திரப்படி தக்ஷாயினியின் பேரில் இருக்கிறது. விசயத்தைச் சொன்னால் அடுத்த கேள்வி யாரைப் பார்த்து வரும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் இன்றைக்கு வேண்டாம், நாளைக்கு என்று தள்ளித் தள்ளிப் புதன்கிழமையும் வந்துவிட்டது.

காரில் போகும் வழியில் சொல்லலாம் என்று முடிவு செய்து, கடிதத்தை வாளியிலிருந்து எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். ஒன்றரை மணித்தியால ஓட்டம். அப்பா முன் சீட்டில் எங்கும் எழும்பிப் போக முடியாமல் இருப்பார். நல்ல யோசனைதான். ஆனால் அந்தக் காருக்கு வேறு யோசனை இருந்தது.

அது அருமைநாயகத்தாருடைய பழைய ஒஸ்டின். முப்பது வருடம் அதை வாடகை ஹையருக்கு ஓட்டியவர். வாவிக்கு மேற்கே இருக்கும் எங்கள் படுவான்கரைக்குப் பெற்றோலும் ஒயிலும் விடாமல் தடை போட்டிருந்த காலத்தில் மண்ணெண்ணெயிலேயே ஓட்டி, பிள்ளைப்பேற்றுக்குப் பெண்களை ஆசுப்பத்திரி சேர்த்தவர். இப்போது கண் மங்கிவிட்டதால் ஓட்டுவது மருமகன். ஆனால் காலால் ஓட்டுபவன் மருமகன், வாயால் ஓட்டுபவர் மாமனார்.

காலையில் புறப்படும்போதே ஜெயந்தன் ஒரு சொல் சொன்னான்.

"மாமா, நேத்துப் பட்டிருப்புப் பாலத்தடியில கார் தன்ட பாட்டில இழுத்துப் பிடிச்ச மாதிரி இரிந்திச்சு. நாம பஸ்ஸில போவமா?"

"பிரேக்கில கால வெச்சுத்து ஓடினா எந்தக் காரும் பிடிக்கும்தான்" என்றார் அவர், முன் சீட்டில் ஏறிக்கொண்டே.

ஜெயந்தன் ஒழுங்கையில் இரண்டு தரம் முன்னும் பின்னும் ஓட்டி மிதித்துப் பார்த்தான். பிரேக் சொன்ன இடத்தில் பிடித்தது, விட்ட இடத்தில் விட்டது. மாமனார் மருமகனின் காலைப் பார்த்தார். பார்த்த பார்வையே ஒரு பேச்சாக இருந்தது. அம்மா அன்னப்பூரணி குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, பிள்ளைக்குப் பிடித்த மீன் குழம்பு ஆறமுதல் வந்து சேரச் சொல்லி அனுப்பிவைத்தாள். மணி ஒன்பது.

பட்டிருப்புப் பாலம் வரை எல்லாம் சரி. பாலத்தில் ஏறியதும் தக்ஷாயினி தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"அப்பா, தம்பியப் பத்தி ஒரு கத" என்று தொடங்கினாள்.

அப்போது கார் முனகியது. ஜெயந்தன் அக்சிலேட்டரை அமர்த்தி மிதித்தும் வேகம் ஏறவில்லை. யாரோ பின்னால் நின்று பிடித்து இழுப்பதுபோல் இருந்தது. களுவாஞ்சிகுடிச் சந்திக்கு வருவதற்குள் ரப்பர் கருகுகிற மணம் மூக்கைப் பிடுங்கியது. ஓரமாக நிறுத்தினார்கள். ஜெயந்தன் இறங்கி நான்கு சில்லையும் சுற்றி வந்து தொட்டுவிட்டு விரலை உதறினான்.

"நாலு சில்லும் கொதிக்குது மாமா."

"கொதிக்காம? சந்திக்கு வரமுதல் எத்தின தரம் மிதிச்சீங்க?"

"நான் மிதிக்கவே இல்ல."

"அப்ப ஹேண்ட் பிரேக் போட்டுத்து ஓடினீங்களாக்கும்."

ஹேண்ட் பிரேக் போடவில்லை என்பதைத் தக்ஷாயினி பின் சீட்டிலிருந்து தன் கண்ணால் பார்த்தாள். அதைச் சொன்னபோது அப்பா அவளைப் பார்த்த பார்வை, புருசனுக்குச் சாட்சி சொல்ல வந்தவளைப் பார்க்கிற பார்வை. அவள் வாயை மூடிக்கொண்டாள். தம்பியின் கதையையும் சேர்த்து மூடிக்கொண்டாள். கோபத்தோடு இருக்கும் மனிதரிடம் கொண்டுபோய்க் கொடுக்கிற விசயமா அது?

அரை மணித்தியாலம் வேப்ப மரத்தின் கீழ் நின்றார்கள். அந்த நேரத்தில் மட்டக்களப்புக்குப் போகும் பஸ் மூன்று அவர்களைக் கடந்து போயிற்று. பஸ்ஸில் போகலாம் என்று தக்ஷாயினி ஒரு தரம் சொன்னாள், ஜெயந்தன் ஒரு தரம் சொன்னான். காரை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று அவர் இரண்டு தரமும் சொன்னார். அதற்கு மேல் ஏன் எதற்கு என்று அவரிடம் கேட்டுப் பயனில்லை.

சில்லு ஆறியது. ஆறியதும் கார் பூனைக்குட்டியாகிவிட்டது. ஜெயந்தன் கையால் தள்ளினாலே உருண்டது. பிரேக் அருமையாகப் பிடித்தது, அருமையாக விட்டது.

"பாத்தீங்களா மருமகன்" என்றார் மாமனார்.

தக்ஷாயினிக்கு அந்தக் காரை இரண்டு அறை அறைய வேண்டும் போலிருந்தது. நோயாளி டொக்டரைக் கண்டதும் நன்றாக நடந்து காட்டினால் பக்கத்தில் நிற்கிறவர்கள்தானே பொய்யர் ஆகிறார்கள்.

களுதாவளை தாண்டவில்லை, மறுபடியும் அதே முனகல். இம்முறை ஜெயந்தன் நிறுத்த நினைத்து மிதித்தான். பெடல் கல்லாக இருக்க வேண்டியது, சேற்றில் வைத்த காலைப்போல் அடிமட்டும் இறங்கியது. இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்த கார் திடீரென்று அவிழ்த்துவிட்டதுபோல் ஓடியது. முன்னால் வெற்றிலைக் கூடை கட்டிய சைக்கிளில் ஒரு மனிதர் தன் பாட்டில் போய்க்கொண்டிருந்தார்.

ஜெயந்தன் கியரைக் குறைத்தான், ஹேண்ட் பிரேக்கை வேரோடு பிடுங்குவதுபோல் இழுத்தான், தெருவை விட்டு மணலுக்குள் திருப்பினான். கார் ஒரு வெற்றிலைத் தோட்டத்து வேலியில் போய் முட்டி நின்றது. சைக்கிள்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

அருமைநாயகத்தார் மருமகனின் கையைப் பார்த்தார். அந்தக் கை இன்னும் ஹேண்ட் பிரேக்கை விடவில்லை. முப்பது வருடம் கார் ஓட்டியவருக்கு, இப்போது மருமகன் செய்தது லேசான வேலை இல்லை என்று தெரியாமலிராது. ஆனால் அதை வாயால் சொல்ல அவருக்கு வரவில்லை.

"முன்னமே நிப்பாட்டிரிக்கலாம்" என்றார்.

தோட்டத்துக்காரப் பெண் வந்து வேலிக்காக ஒரு பாட்டம் பேசித் தீர்த்தாள். அவள் பேச்சு முடிவதற்குள் கார் மறுபடியும் ஆறியது. ஆறியதும் பிரேக் மறுபடியும் நல்லதாயிற்று. ஜெயந்தன் நடை வேகத்தில் உருட்டி உருட்டி, தன் ஊரான குருக்கள்மடத்தில் அழகரத்தினத்தின் கராஜ் வாசலில் கொண்டுபோய் விட்டான். வழியில் நான்கு தரம் ஆறப்போட வேண்டியிருந்தது. மணி பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிடம்.

அழகரத்தினத்தின் கராஜ் என்பது நான்கு தென்னங்குற்றியும் பழைய தகரமும்தான். முந்திய கராஜைச் சுனாமி வழித்துக்கொண்டு போனது. ஜெயந்தன் பிறந்த வீட்டையும் அதே அலைதான் கொண்டுபோனது. அழகரத்தினம் கார் தூக்கும் தன் ஜக்கை ஆறு நாளைக்குப் பிறகு வாவிக்கரைச் சேற்றில் கண்டெடுத்தார். இன்றும் அதே ஜக்தான். அவர் அவசரப்படாத மனிதர். ஒரு கடலுக்கே அவசரப்படாதவர் இந்தக் காருக்கா அவசரப்படப் போகிறார்?

காரில் ஏறித் தெருவில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார்.

"பிரேக் நல்லாத்தானே இரிக்கு" என்றார்.

தக்ஷாயினி கைப்பையால் தன் தலையில் அடித்துக்கொண்டாள். மூன்று பேரும் ஒரே நேரத்தில் சொல்லத் தொடங்கினார்கள். மாமனார் மருமகனின் காலைப் பற்றிச் சொன்னார், மருமகன் சில்லின் சூட்டைப் பற்றிச் சொன்னான், தக்ஷாயினி இரண்டு மணியைப் பற்றிச் சொன்னாள். அழகரத்தினம் மூவரையும் கேட்டுவிட்டு, கடைசியாக இந்தப் பிரேக்கில் கை வைத்தது யார் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

மாமனார் தென்னையைப் பார்த்தார். மருமகன் தன் செருப்பைப் பார்த்தான்.

அழகரத்தினம் மறுபடி கேட்கவில்லை. ஜக் போட்டு ஒரு சில்லைத் தூக்கினார். கையால் சுற்றினார், இலகுவாகச் சுற்றியது. ஜெயந்தனை ஏற்றி இருபது முப்பது தரம் பிரேக்கை மிதித்து மிதித்து விடச் சொன்னார். மறுபடி சில்லைச் சுற்றினார். அசையவில்லை. ஜெயந்தனின் கால் பெடலிலேயே இல்லை என்பதை மாமனாரும் குனிந்து பார்த்துக்கொண்டார்.

பிறகு சில்லுக்குப் பின்னால் இருந்த, பிரேக் ஒயிலை வெளியே விடும் சின்ன நிப்பிளை ஸ்பானரால் கால் சுற்றுத் தளர்த்தினார். ஒயில் பீய்ச்சி அடித்தது. அடித்த கையோடு சில்லு விட்டுக் கொடுத்தது.

"சில்லில பிழை இல்ல. காலிலயும் பிழை இல்ல" என்றார் அழகரத்தினம். "ஒயில் போகுது, திரும்பி வருதில்ல. மேலதான் ஏதோ அடைச்சிரிக்கு."

ஓட்டுனர் காலடியில் கிடந்த விரிப்பைத் தூக்கி, தகட்டைக் கழற்றி, கீழே இருந்த, பிரேக் ஒயில் நிற்கும் மாஸ்டர் சிலிண்டரின் மூடியைத் திறந்தார். மூடிக்குள் இருந்த ரப்பர் வளையம் வெளியே வந்து விழுந்தது. அதைத் திரும்ப வைத்துப் பார்த்தார். வைக்க முடியவில்லை. மழையில் ஊறிய அப்பளம்போல் அது ஊதிப் பெருத்திருந்தது. விரலை ஒயிலுக்குள் விட்டு மணந்து பார்த்தார்.

"ஆர் இதுக்குள்ள மண்ணெண்ணெய் விட்டது?"

கராஜில் ஒரு காகம் கத்தியது.

கடைசியில் அருமைநாயகத்தார் செருமினார். ஞாயிற்றுக்கிழமை மூடியைத் திறந்து பார்த்தாராம். ஒயில் குறைந்திருந்ததாம். கடை பூட்டு. மகன் வருகிற காரல்லவா, குறையோடு விடலாமா? தடைக் காலத்தில் பிரேக் ஒயில் இல்லாதபோது ஆமணக்கெண்ணெயில் கொஞ்சம் ஆசுப்பத்திரி ஸ்பிரிட்டைக் கலந்து விடுவாராம். எத்தனை வருடம் ஓடியது அப்படி! ஞாயிற்றுக்கிழமை ஆமணக்கெண்ணெய் இருந்தது, ஸ்பிரிட் இல்லை. அதற்குப் பதிலாகக் கொஞ்சம் மண்ணெண்ணெய். எஞ்சினே மண்ணெண்ணெயில் ஓடிய கார்தானே.

"எஞ்சின் குடிக்கும். ரப்பர் குடிக்காது" என்றார் அழகரத்தினம். "ஆனா மூண்டு நாளில இவ்வளவு ஊத இது பழைய ரப்பர் இல்லையே. பழசு வைரிச்சுக் கல்லாப் போயிரிக்கும், இவ்வளவு குடிச்சிராது. இது புதுசு. ஆர் மாத்தினது?"

இப்போது செருமியது ஜெயந்தன். போன மாதம் மட்டக்களப்பில் புது ரப்பர் எல்லாம் வாங்கி, கூட்டுறவுச் சங்க லொறியின் மெக்கானிக்கைக் கொண்டு மாற்றினானாம். மாமாவிடம் சொன்னால் விடமாட்டார் என்று சொல்லவில்லையாம். ஒயில் பாதியில் நின்றதும் அந்த வேலையின் மிச்சம்தானாம்.

"ரெண்டு பேரும் நல்லதுக்குத்தான் செஞ்சிரிக்கிறீங்க" என்றார் அழகரத்தினம், கையைத் துடைத்துக்கொண்டு. "ஒருத்தருக்கொருத்தர் சொல்லாமச் செஞ்சதுதான் பிழை. ரப்பர் ஊதி, ஒயில் திரும்புற சின்ன ஓட்டைய மூடிற்று. திரும்பாட்டிப் பிடிச்ச பிரேக் பிடிச்சபடி. சூடேற இன்னும் ஊதும், ஆறினா விடும். கூடச் சூடேறினா மண்ணெண்ணெய் ஆவியாகி, மிதிச்சாலும் ஒண்டும் இரியாது. எல்லா ரப்பரும் மாத்தி, குழாய் எல்லாம் கழுவோணும். நாளைக்குப் பின்னேரம் வாங்க."

தக்ஷாயினிக்குக் காலையிலிருந்து சேர்த்து வைத்த எரிச்சல் எல்லாம் ஒன்றாகக் கிளம்பியது. பத்து நிமிடம் அவள் பேசினாள். ஒரே வீட்டில் ஒரே பானைச் சோற்றைத் தின்றுகொண்டு ஒருவர் ஞாயிற்றுக்கிழமை களவாக ஊற்றுகிறார், மற்றவர் போன மாதம் களவாகக் கழற்றுகிறார், நடுவில் வெற்றிலைக்கார மனிதர் சாகப் பார்த்தார் என்று சொன்னாள். கடைசியில் இரண்டு ஆண்களையும் விரல் நீட்டிச் சொன்னாள்.

"இனி இந்த வீட்டில ஆரும் ஒருத்தருக்குத் தெரியாம ஒண்டும் ஒளிக்கப்படாது. சொல்லிப்போட்டன்."

"சரி" என்றான் ஜெயந்தன். அவன் குரலில் எதிர்ப்பே இல்லை. முழு மனதோடு சொன்ன சரி.

சொல்லி முடித்த பிறகுதான் கைப்பைக்குள் இருந்த கடிதம் அவளுக்கு நினைவு வந்தது. கன்னம் சூடேறியது. நல்ல வேளை, அவள் முகம் ஏற்கனவே கோபத்தில் சிவந்திருந்ததால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

மணி பன்னிரண்டே முக்கால். பஸ் ஏற வேண்டும். அரசாங்கக் கடிதத்தில் இருப்பது தந்தையின் பெயர், தந்தையின் அடையாள அட்டை இலக்கம். அவள் மட்டும் போய்ப் பயனில்லை. அருமைநாயகத்தாரோ காரின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"கார் இல்லாம நான் அவன்ட முகத்தில முழிக்க மாட்டன்."

ஏன் இந்தப் பிடிவாதம் என்பது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. நான்கு வருடத்துக்கு முன் ஒரு கார்த்திகை மாதம், உயர்தரம் படித்துக்கொண்டிருந்த நிதுர்ஷன் காலையில் அப்பாவிடம் கேட்டான், பின்னேரம் மழை வரும்போல் இருக்கிறது, டியூசன் முடிய காரைக் கொண்டு வாங்களேன் என்று. பெற்றோல் இருப்பதே இரண்டு போத்தல், சேற்றில் காரை விட முடியாது, சைக்கிளில் வா என்றார் அவர். சைக்கிள் பாலத்தடியில் கிடந்தது. பையன் வரவில்லை. இயக்கத்துக்குப் பிடித்துக்கொண்டு போனவர்களிடம் போய் அவர் கெஞ்சிய கெஞ்சலுக்குக் கணக்கில்லை. பிறகு சண்டை வன்னிக்குப் போனது, பையனும் போனான், உயிரோடு மிஞ்சினான் என்பதே போன வருடம்தான் தெரிந்தது.

தக்ஷாயினி கார்க் கதவைத் திறந்து குனிந்தாள். கோபம் இறங்கியிருந்தது.

"அப்பா, அவன் நாலு வருசமா எதிர்பாத்திட்டு இரிக்கிறது உங்களத்தான். காரை இல்ல."

அவர் அவளைப் பார்க்கவில்லை. டாஷ்போர்ட்டைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அண்டைக்கும் நான் காரைத்தான் பாத்தன், புள்ள."

"அப்ப இண்டைக்கெண்டாலும் அவனைப் பாருங்க."

அவர் கண் கலங்கியது. சால்வையால் துடைத்துக்கொண்டார். பிறகு இறங்கி, சட்டைப் பையில் அடையாள அட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு தெருவை நோக்கி நடந்தார். போகும்போது ஜெயந்தனின் தோளில் கையை ஒரு கணம் வைத்து எடுத்தார். காரைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாரா, மணலுக்குள் திருப்பியதற்கு நன்றி சொன்னாரா என்பது அவருக்குத்தான் தெரியும்.

கராஜில் நின்று வேலையைப் பார்ப்பதாகவும், பின்னேரம் ஒரு வேன் பேசி மண்டபத்துக்கு அனுப்புவதாகவும் ஜெயந்தன் சொன்னான். கல்முனையிலிருந்து வந்த பஸ் நிறைந்திருந்தது. காத்தான்குடியில் இறங்குகிற கூட்டம் இறங்கிய பிறகுதான் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இடம் கிடைத்தது. ஒன்றரை மணி. இனிச் சொல்லாவிட்டால் எப்போது?

கடிதத்தை எடுத்து அவர் மடியில் வைத்தாள். அவருக்குக் கண் மங்கல். அதனால் அவளே காதோடு வாசித்துச் சொன்னாள். சுஜீவா என்ற பெயரில் அவர் புருவம் ஒருமுறை ஏறியது. குழந்தை என்ற சொல்லில் அவர் கை முன் சீட்டுக் கம்பியைப் பிடித்தது.

"ஆணா பொண்ணா?"

"எழுதல்ல அப்பா."

கல்லடிப் பாலத்தில் பஸ் ஏறியது. இறங்கும்வரை அவர் வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேசியபோது குரல் சாதாரணமாக இருந்தது.

"எத்தின நாளா உனக்குத் தெரியும்?"

"ஒம்பது நாள்."

"நான் மண்ணெண்ணெய் விட்டு மூண்டு நாள்தான்" என்றார் அருமைநாயகத்தார்.

தக்ஷாயினிக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

மண்டபத்தில் மேடையும் மாலையும் பேச்சுமாக இருந்தது. பேச்சுக்காரர்களின் புண்ணியத்தால் பெயர் கூப்பிடுவது பிந்தியிருந்தது. இரண்டேகாலுக்கு நிதுர்ஷனின் பெயர் வந்தது. அருமைநாயகத்தார் மேசையடியில் போய் நின்று அடையாள அட்டையை நீட்டினார். கையெழுத்து வைக்கச் சொன்ன இடத்தில் வைத்தார். வைக்கச் சொல்லாத இடத்திலும் ஒன்று வைத்தார். எழுதுவினைஞர் சிரித்துக்கொண்டு தாளை வாங்கினார்.

பதினேழு வயதில் போனவன் வெள்ளைச் சட்டையோடு வந்து நின்றான். தாடை எலும்பு தெரிந்தது. இடக் கை விரல் இரண்டு மடங்கவில்லை. அப்பா அவன் தலையைப் பிடித்துத் தன் தோளில் அழுத்திக்கொண்டார். வெகு நேரம் விடவில்லை. தக்ஷாயினி அவன் முதுகைத் தடவினாள். அவன் அழுதான், துடைத்தான், பிறகு அவர்கள் தலைக்கு மேலால் வாசலைப் பார்த்தான்.

"கார் எங்கப்பா?"

சத்தம் கேட்குமா கேட்குமா என்று காலையிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தானாம்.

"நான்தான் பழுதாக்கிப்போட்டன் மனே" என்றார் அவர்.

தூணோரத்தில் ஒரு மெலிந்த பெண் நின்றாள். ஒரு கையில் துணிப்பை, இடுப்பில் குழந்தை. கிட்ட வரலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றாள். நிதுர்ஷன் அவளைக் கூப்பிடவில்லை. அக்காவைப் பார்த்தான். சொல்லிவிட்டாயா என்று கண் கேட்டது. அவள் ஓம் என்று தலையை ஆட்டினாள்.

அருமைநாயகத்தார் தானே நடந்து போனார். குழந்தையின் காதில் பாசிமணித் தோடு ஆடியது. பொண்ணுதான். அவர் விரலை நீட்ட, அது பிடித்துக்கொண்டது. பிடித்த விரலை விடவில்லை. அவரும் இழுக்கவில்லை.

அப்படியே நின்றுகொண்டு மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"வீடு உன்ட பேரில மகள். நான் எழுதித் தந்து முடிஞ்சுது. நான் சொல்லேலாது, நீதான் சொல்லோணும்."

ஒன்பது நாளாக அவள் பயந்த கேள்வி இதுதான். இப்போது நான்கு சோடிக் கண்கள் அவளைப் பார்த்தன. அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. எல்லாரும் தங்கள் பாட்டுக்கு எதையாவது செய்துவிட்டுக் கடைசியில் அவள் தலையில் கொண்டுவந்து வைப்பதே வழக்கமாகிவிட்டது. இரண்டு அறை. ஒன்றில் அப்பா அம்மா. மற்றதில் அவளும் ஜெயந்தனும். இவர்களை எங்கே படுக்க வைப்பது? ஊர் என்ன சொல்லும்? அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு, பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். பையில் மொத்தமாக ஒரு சேலையும் குழந்தையின் இரண்டு சட்டையும்தான் இருக்கும்.

கைப்பைக்குள் தொலைபேசி அடித்தது. ஜெயந்தன்.

தம்பியை எடுத்தாயிற்றா என்று கேட்டான். எடுத்தாயிற்று என்றாள். உண்மையாகவா என்று இன்னொரு தரம் கேட்டான். கண்ணால் காணாத மச்சானுக்காகக் காலையிலிருந்து காரோடு மல்லுக்கட்டிய மனிதன் அல்லவா. வேன் சரி, வேன்காரன் பக்கத்தில்தான் நிற்கிறான் என்றான்.

"எத்தின பேர் எண்டு கேக்கான். சின்ன வேன் போதுமா?"

தக்ஷாயினி ஒருமுறை எண்ணினாள். எண்ணுவதற்கு அவ்வளவு நேரம் தேவையில்லை, ஆனாலும் எண்ணினாள்.

"அஞ்சு பேர்" என்றாள்.

நிதுர்ஷன் கண்ணைத் துடைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டான். அப்பா குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். தூணோரத்துப் பெண் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள்.

ஒளிக்கப்படாது என்று அவள் விரல் நீட்டிச் சொன்னதற்கு முழு மனதோடு சரி சொன்னவன், தொலைபேசியின் மறுபக்கம் நின்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தான்.

"அஞ்சா?" என்றான் ஜெயந்தன். "நீங்க மூண்டு பேர்தானே தக்ஷா. மத்த ரெண்டு பேரும் ஆர்?"